ஆடி வெயிலில் ஈமக்கல் தேடி

2024 ஓகஸ்ட் 3, சனி – பாலையூற்று

திருகோணமலையில் இது கச்சான் அடிக்கிற காலம். தென்மேற்கிலிருந்து காடெல்லாம் கடந்து வருகிற காற்று, ஈரம் மருந்துக்கும் இல்லை. பஸ்ஸால் இறங்கியதும் முகத்தில் அடித்தது அதுதான். மாமி வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு நாய்கூட நிழலை விட்டு அசையவில்லை. கேற்றைத் திறந்த மாமி சுகம் விசாரிக்க முன்னமே கேட்டா: "இந்த வெயிலுக்குள்ள கல்லுப் பாக்கவோ வந்தனீ?"

மாமி 'கல்லு' என்றது பெருங்கற்கால ஈமக்காடுகளை. இரும்பு பழகின அந்தக் காலத்து ஆட்கள், செத்தவரின் எலும்பையும் சாம்பலையும் தாழியில் இட்டு, சட்டிபானை, மணி, இரும்புச் சாமான் எல்லாம் கூட வைத்து மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். சில இடத்தில் வெறும் தாழி. சில இடத்தில் நாலு பக்கமும் கற்பலகை நட்டு மேலே ஒரு மூடுகல். தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர் பெயர்போனது. இலங்கையில் வில்பத்துக் காட்டுக்குள் பொம்பரிப்பு, தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவ, கிழக்குக் கரையில் கதிரவெளி. எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஆனைக்கோட்டை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே கிண்டியபோது எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரை வந்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்து. அதைக் 'கோவேத' என்று வாசித்தார்கள். சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் அப்படி ஒன்று கிடக்க, நான் கதிரவெளிக்கு ஏன் அலைகிறேன் என்று மச்சான் கேட்டான். ஆனைக்கோட்டையில் இப்போது பார்க்க வீட்டு மதில்தான் இருக்கிறது என்றேன்.

மச்சானுக்கு மின்சார வேலை. செத்தவர்கள் விசயத்தில் அவனுக்கு அக்கறை கிடையாது, மீன் விசயத்தில் நிறைய. நாளைக்கு ஆடி அமாவாசை, வீட்டில் மச்சம் சமைக்கிறதில்லை, ஆகவே வாங்கின பாரை மீனை இன்றைக்கே முடிக்கவேண்டும் என்பது அவனுடைய இன்றைய கொள்கை. பின்னேரம் கோட்டைக்குள் நடக்கப் போனோம். ஃபிரடெரிக் கோட்டை மான்கள் ஆட்களுக்குப் பயப்படுவதை விட்டுக் கனகாலம். ஒரு பெடியன் கையிலிருந்த கடலைச் சரையை ஒரு பெட்டை மான் கடதாசியோடு பறித்துத் தின்றது. பெடியன் அழ, தாய் இன்னொரு சரை வாங்கிக் கொடுக்க, கடலைக்காரருக்கு மான் வலு சந்தோசம். சரை ஒன்று 100 ரூபாய்.

இரவு புட்டும் பாரைக் குழம்பும். மாமி தேங்காய்ப்பாலைக் கடைசியில் விட்டு ஒரு கொதியோடு இறக்குவா. குழம்பு புட்டுக்குள் இறங்கி, கிண்டும்போது அடியில் மஞ்சளாகத் தெரிய வேண்டும். மச்சான் கொள்கையை நிறைவேற்றிவிட்டுத்தான் எழும்பினான்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு – கன்னியா

விடிய ஐந்து மணிக்கே மாமா வேட்டியோடு வாசலில் நிற்கிறார். தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை. பலர் கடலுக்குப் போவார்கள். மாமாவுக்குக் கன்னியாதான். தன் தாயின் அந்தியேட்டிக் கிரியையை அங்கே செய்தவர், அன்றிலிருந்து வருசத்தில் இந்த நாளுக்கு அங்கே போகாமல் விட்டதில்லையாம். சண்டைக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்றேன். "போக விடாத நாளில வீட்டுக் கிணத்தில நிண்டு கன்னியாவை நினைச்சன்" என்றார்.

நகரத்திலிருந்து அனுராதபுரம் வீதியால் எட்டுக் கிலோமீற்றர் அளவு. வெந்நீர்க் கிணறுகள் ஏழும் சதுரம். மூன்று நாலடிதான் ஆழம், குனிந்தால் அடி தெரியும். ஏழுக்கும் ஏழு விதமான சூடு. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய நீர் வேண்டி வாளால் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு ஊற்று. பக்கத்தில் வாளி வைத்திருந்த ஒரு கிழவி இதையே ஒரு சிங்களக் குடும்பத்துக்குக் கையாலும் கண்ணாலும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தா. அவர்களுக்குத் தமிழ் இல்லை, அவவுக்குச் சிங்களம் இல்லை. வாளைக் குத்துகிற இடத்தில் அவர்களின் சின்னப்பிள்ளை கைதட்டியது. பிறகு அதே பிள்ளையின் தலையில் சூடு கூடின கிணற்றுத் தண்ணீரை யாரோ ஊற்ற, அது போட்ட கத்தலில் கிரியை செய்துகொண்டிருந்த ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

முதல் வாளி சுட்டது. இரண்டாவது வாளிக்கு உடம்பு பழகிவிட்டது. குளித்து முடித்து வெளியே வந்தால் கச்சான் காற்றே குளிர்ந்த மாதிரி இருக்கிறது, அந்த ஒரு அனுபவத்துக்காகவே வரலாம்.

கிணறுகளுக்கு அருகே பிள்ளையார் கோயில் இருந்த மேடு. அங்கே விகாரை எழுப்பும் முயற்சிக்கு எதிராக 2019 ஜூலையில் சனம் திரண்டதும், பிறகு நீதிமன்றம் தடை போட்டதும் பேப்பர் வாசிக்கிற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாமா அந்தப் பக்கம் பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டார். "இராவணன் வெட்டினது கிணறு. நாங்கள் வெட்டுப்படுறது மேட்டுக்கு." அதற்கு மேல் அவர் கதைக்கவில்லை. நானும் கிண்டவில்லை.

வீட்டுக்கு வந்தால் காத்தோட்டிக்காய் மணம். ஆடி அமாவாசைக்கு அது இல்லாமல் படையல் இல்லை. மாமி போனிலேயே உத்தரவு போட்டதால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிக் கொண்டு வந்திருந்தேன். மற்ற நாளில் வேலியில் பழுத்து விழுந்தாலும் ஒருவரும் எடுக்கமாட்டார்கள், அன்றைக்குச் சின்னக் குவியல் 200 ரூபாய். இரண்டாகப் பிளந்து விதையை வழித்து, உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, பொரித்துக் குழம்பில் போட்டாலும் ஒரு கசப்பு நாக்கின் பின்பக்கம் நிற்கும். மாமா அந்தக் கசப்பைத்தான் தேடித் தின்றார். முதலில் காகத்துக்கு வைத்தோம். காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போனது, காத்தோட்டிக்காயைச் சீண்டவில்லை.

"உன்ர பெருங்கற்கால ஆக்களும் இதைத்தானே செய்தது? செத்தவருக்குச் சட்டியில சோறு" என்றான் மச்சான், அப்பளத்தை நொறுக்கியபடி.

ஓகஸ்ட் 5, திங்கள் – கதிரவெளி

வான் கூலி நாளுக்கு 14,000 ரூபாய், டீசல் எங்கள் தலையில். ஏசி இருக்கிறது என்றார்கள், இருந்தது, காற்றுத்தான் வரவில்லை. மாமா முன் ஆசனம். தபால் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் மூதூர்ப் பக்கம் போய்வந்தவர், அதனால் இன்றைய வழிகாட்டி தானே என்று முதல்நாளே அறிவித்துவிட்டார்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். வான் அதை ஒரு பாட்டின் பல்லவி முடிய முன்னம் கடந்துவிட்டது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. முந்தி மட்டக்களப்பு றோட்டில் துறைக்குத் துறை பாதை. 'பாதை' என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கயிறு பிடித்து இழுக்கிற மிதவை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று விரல் மடித்துச் சொன்னார். "ஒரு துறையில விட்டால் ரெண்டு மணித்தியாலம். அதுக்குள்ள தேத்தண்ணி, வெத்திலை, நாலு ஊர்ப் புதினம். கலியாணமே பேசி முடிச்சிருக்கு." இப்போது எல்லாவற்றிலும் பாலம். எங்களுக்கு நேரம் மிச்சம், மாமாவுக்குப் புதினம் நட்டம்.

தோப்பூர் தாண்டி ரயர் வெடித்தது. மாற்று ரயரை இறக்கினால் அதிலும் காற்றில்லை. சுற்றிவர வயல், நிழலுக்கு ஒரு மருதமரம்கூட இல்லை, மணி பத்தரை. ட்ரக்டரில் வந்த ஒரு முஸ்லிம் நானா நிறுத்தி, கேட்காமலே சில்லைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார். "நீங்க நிழலுக்குப் போங்க, நான் ஒட்டிக் கொண்டு வாறன்." டிரைவர் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போனவர் முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார், கையில் இரண்டு குரும்பை வேறு. ஒட்டின காசு 600 ரூபாயை மட்டும் கடைக்காரருக்கென்று வாங்கினார். தன் டீசலுக்கு ஒரு சதம் தொடவில்லை. மாமா வற்புறுத்தினார். "ஐயா, நாளைக்கு என்ட ட்ரக்டர் பாலையூத்தில நிண்டா நீங்க வரமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வருவோமா? மச்சானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வெருகலில் ஆறு நிறையத் தண்ணீர் இல்லை. மகாவலியின் கிளைதான் இங்கே வெருகல் ஆறாகிக் கடலில் விழுகிறது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் ஆவணித் திருவிழாவுக்குக் கொட்டில் போட ஆயத்தம். இந்தக் கரை நெடுக, மூதூர்ப் பக்கமிருந்து வாகரை வரை, கரையோர வேடர் என்கிற சனம் இருக்கிறது. தமிழ்தான் பேச்சு, கடலும் காடும் இரண்டும் தொழில். கோயிலடியில் தேன் விற்ற ஒருவர் தன்னை அப்படித்தான் சொன்னார். போத்தல் 2,500 ரூபாய். மாமா விலை குறைக்கப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே, "குறைச்சா மறுகா நான் தேனீக்கு என்ன சொல்லுற?" என்றார். முழுவிலை கொடுத்தோம்.

ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம், கொஞ்சத் தூரத்தில் கதிரவெளி. கடற்கரைக் கிராமம், மணல் வளவுகள், பனையும் தென்னையும், றோட்டோரம் மாடு. இலங்கைப் பெருங்கற்கால ஈமத்தலங்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் இந்த ஊர்ப் பெயர் இருக்கும். ஊருக்குள் வந்து நின்றால் எங்கள் கண்ணுக்கு ஒரு பலகையும் படவில்லை. கூகுள் மப் எங்களை ஒரு இறால் வாடிக்குள் கொண்டுபோய் விட்டது.

ஒரு தேத்தண்ணிக் கடையில் விசாரித்தோம். கடைக்கார அக்கா கேட்டா, "எந்தச் சவக்காலை? சுனாமிச் சவக்காலையா?" இல்லை, அதைவிடப் பழசு என்றேன். அவ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பள்ளிக்கூடத்தில செத்த ஆக்களா?" என்றா. 2006 நவம்பர் 8. மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஓடிவந்த சனம் கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது செல் குண்டு விழுந்தது. மாமா தலையைக் குனிந்து தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. எனக்கு இரண்டாயிரம் வருசம், மூவாயிரம் வருசம் என்று வாயெடுக்கவே கூச்சமாக இருந்தது. மச்சான்தான் சொன்னான், "இது ராசா காலத்துக்கும் முந்தின ஆக்கள் அக்கா. கல்லு நட்டுப் புதைச்ச ஆக்கள்." அவ முகம் தெளிந்தது. "ஓ, அதா! அது எனக்கென்ன தெரியும்? மாடு மேய்க்கிற அப்பச்சிட்டக் கேளுங்க."

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றும் அவவே சொன்னா. சோறு, இறால் குழம்பு, பருப்பு, பொன்னாங்காணிச் சுண்டல், மாங்காய்ச் சம்பல். தலைக்கு 450 ரூபாய். இறால் அன்று விடியப் பிடித்தது, ஓட்டோடு போட்டு, மிளகாய்த்தூள் கூட. கண்ணில் தண்ணீர் வந்தாலும் கை நிற்கவில்லை. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரருக்கென்று போடுகிற இறாலை நினைத்து மச்சான் பெருமூச்சு விட்டான்.

மாடு மேய்க்கிற அப்பச்சி கிடைத்தார். எழுபது தாண்டியிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய். "கல்லா மனே? கிடக்கு. பாம்பும் கிடக்கு. மெதுவா வாங்க." கிறவல் றோட்டால் போய், வலதுபக்கம் கிறுகி, முள்ளுப் பத்தைக்குள் இறங்கினோம். ஈச்சை, சூரை, காலெல்லாம் கீறல். டிரைவர் தம்பி ஒரு பாம்புச் செட்டையைக் கண்டுவிட்டு, வானைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று திரும்பிவிட்டான். கால் மணித்தியாலம் நடந்து அப்பச்சி தடியால் ஒரு இடத்தைக் காட்டினார். தட்டையான கற்பலகைகள். ஒன்று சரிந்து, ஒன்று பாதி புதைந்து, இன்னொன்று இரண்டாக வெடித்து, வெடிப்புக்குள்ளால் ஒரு நாயுண்ணிச் செடி. குனிந்து பார்த்தேன். கல்லின் ஓரம் தானாக உடைந்த ஓரமா, ஆள் உடைத்த ஓரமா? விரலை வைத்துத் தடவினால் ஒரு பக்கம் மட்டும் நேராகப் போகிறது. பக்கத்தில் உள்ளங்கை அளவு ஓட்டுத் துண்டு ஒன்று, வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாமல் உட்பக்கம் கறுக்கும். கறுப்புச் சிவப்புப் பானை என்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். எடுத்துப் பார்த்து, இருந்த குழியிலேயே திரும்ப வைத்தேன்.

"கிண்டிப் பாத்த ஆக்கள் இருக்காங்களா?" என்று அப்பச்சியைக் கேட்டேன். "புதையல் கிண்டுறவன் ராவில வருவான். படிச்ச ஆக்கள் பகல்ல வருவாங்க. ரெண்டு பேரும் எனக்குச் சொல்லிட்டுப் போறல்ல" என்றார்.

காசு கொடுத்தோம், வாங்கினார். வெத்திலைக்கு மாமாவின் சரையையும் வாங்கினார். "மறுகா வாங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. முள் எடுத்தோம். காலில் ஏறின சூரை முள்ளை மாமி ஊசியால் எடுத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டா. மத்தியானம் கரண்ட் போனது. மின்சார வேலைக்காரன் வீட்டிலேயே கரண்ட் போனதில் அயலவருக்கு ஒரு திருப்தி, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து விசாரித்தார்கள்.

ஓகஸ்ட் 7, புதன் – இப்பன்கட்டுவ

மாமாவுக்கு முழங்கால் வீக்கம், வரவில்லை. மச்சான் லீவு போட்டுக்கொண்டு வந்தான், கல்லுக்காக அல்ல, கந்தளாய்த் தயிருக்காக.

தம்புள்ளைக்கு நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸில் நடத்துநர் 5,000 ரூபாய்த் தாளுக்கு மாற்றில்லை, இறங்கும்போது மிச்சம் தருகிறேன் என்று ரிக்கற்றின் பின்பக்கம் எழுதித் தந்தார். ஹபரணையில் அவர் இறங்கி வேறொருவர் ஏறினார். புதியவருக்கு எங்கள் கணக்குத் தெரியாது, தெரிய விருப்பமும் இல்லை. பஸ்ஸுக்குள் பாதிப்பேர் எங்களுக்காகச் சிங்களத்தில் சண்டை பிடித்தார்கள். பின் ஆசனத்து அம்மா ஒருவர் ரிக்கற்றை வாங்கி நடத்துநரின் மூக்குக்கு முன்னால் பிடித்து வாசித்துக் காட்டினார். கடைசியில் அவர் பழைய நடத்துநருக்குப் போன் எடுத்துக் கேட்டு, தம்புள்ளையில் வைத்து மிச்சத்தைத் தந்தார், 20 ரூபாய் குறைய. அந்த அம்மா அதையும் கேட்கத்தான் சொன்னார். நாங்கள் கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

தம்புள்ளை என்றால் எல்லாரும் குகைக் கோயிலுக்கு. ஓட்டோக்காரரிடம் இப்பன்கட்டுவ என்றதும் அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். 1,500 கேட்டு 900க்கு வந்தார். ஊர் தாண்டி, குளக்கரைப் பக்கம், தென்னந்தோப்பு, மரக்கறித் தோட்டம், பிறகு சட்டென்று மரநிழலில் ஒரு வளவு.

இதை 1970இல் கண்டார்கள். 1980களின் முடிவில் ஜேர்மன் ஆய்வாளரும் இலங்கை ஆய்வாளரும் சேர்ந்து பெரிய அளவில் கிண்டினார்கள். சனம் பார்க்கத் திறந்துவிட்டது 2017இல். காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் என்பது கரிமக் கணிப்பு. 13 ஹெக்டேயர் அளவில், 42 கூட்டமாக, கூட்டத்துக்குப் பத்துக் கல்லறை அளவில் இருக்கிறது. கிண்டினது அதில் ஒரு துண்டு. மற்றதெல்லாம் நாங்கள் நின்ற மண்ணுக்கு அடியில்.

திறந்து விட்ட ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் கனநேரம் குந்தியிருந்தேன். நாலு பலகைக் கல், ஒவ்வொன்றும் என் சாண் அளவு தடிப்பிருக்கும். நிலத்துக்குள் நட்டு, மூலைகள் ஒன்றோடொன்று பொருந்த, உள்ளே ஒரு பெட்டி. மூடுகல் ஒரு பக்கம் தள்ளிக் கிடந்தது. ஆள் கால் நீட்டிப் படுக்க இடம் போதாது. எரித்து முடித்த சாம்பலுக்கும் எலும்புக்கும் அவ்வளவு இடம் தேவையில்லை. தாழி உள்ளேயும் வைத்திருக்கிறார்கள், வெளியே மண்ணிலும் வைத்திருக்கிறார்கள். ஒரு பானையின் வாய் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது, விளிம்பில் குயவன் விரலால் இழுத்துவிட்ட வரி அப்படியே இருக்கிறது. ஒரு ஓணான் அந்த விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கல்லை யார் இழுத்தது? ஒரு வீட்டுக்காரரால் முடிகிற வேலை இல்லை. ஊரே சேர்ந்து உடைத்து, இழுத்து, குழி வெட்டி, நட்டிருக்க வேண்டும். ஒரு சாவீட்டுக்குப் பந்தல் போட இன்றைக்கு இளைஞர் கழகம் வருகிற மாதிரி அன்றைக்கும் ஒரு கூட்டம் வந்திருக்கும், அவர்களுக்கும் ஒரு வீட்டில் சோறு வெந்திருக்கும். பொருட்களுக்குள் சூதுபவளம் என்கிற சிவந்த கல் மணிகள் உண்டு. அந்தக் கல் இந்தியாவிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. தம்புள்ளைக் காட்டுக்குள் ஒரு பெண்ணின் கழுத்துக்குக் கடல் தாண்டின மணி! அதைக் கழற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் கூடவே வைத்து மூடியிருக்கிறார்களே, அது எங்களால் முடியாத காரியம். எங்கள் வீடுகளில் சவத்திலிருந்து தோட்டைக் கழற்றுவதற்கென்றே ஒரு பெரியம்மா இருப்பா.

காவலாளி வயதான சிங்களவர். இளமையில் கந்தளாயில் இருந்தவராம், தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டி வரும். "ஐயா, வெயில். குடை எடுங்க" என்று தன் குடையைத் தந்தார். எங்கேயிருந்து என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அங்கயும் இருக்கா, இப்படி?" இருக்கிறது, ஆனைக்கோட்டையில் என்றேன். "கதிரவெளியிலயும் இருக்கு" என்று மச்சான் சொன்னபோது எனக்கே ஆச்சரியம். அவன் போனை எடுத்து, பத்தைக்குள் கிடந்த பலகைகளைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "இந்த மாதிரித்தான்" என்றார். "கூரை இல்லையா?" இல்லை. "ஆள் இல்லையா?" மாடு மேய்க்கிற ஒரு ஐயா இருக்கிறார் என்றான் மச்சான்.

இங்கே வேலி, ரிக்கற், விளக்கப் பலகை, காவலாளி, அவர் கையில் குடை. அங்கே ஈச்சம் பத்தை, இரவில் புதையல்காரன். கடற்கரைப் பக்கம் சண்டை நடந்தது, ஆராய்ச்சிக்காரர் போகமுடியவில்லை என்பது ஒரு காலத்துக்குச் சரியான காரணம். அந்தச் சண்டை முடிந்து பதினைந்து வருசம். பழைய மேடு யாருடையது என்று கேட்டுக் கன்னியாவில் பொலிஸைக் குவிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உண்மையான பழைய கல் கிடக்கிற இடத்தில் ஒரு முள்ளுக்கம்பி அடிக்க ஆள் இல்லை. இந்தத் தாழிக்காரரும் மணிக்காரரும் இங்கேயும் ஆதிச்சநல்லூர்ப் பக்கமும் ஒரே மாதிரிப் பானை வனைந்து, ஒரே மாதிரிக் குறி கீறியிருக்கிறார்கள். அவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க எங்கள் ஆட்களும் பின்நிற்பதில்லை, இணையத்தில் நல்லாகவே இழுக்கிறார்கள். ஆனால் முள்ளுக்கம்பி? அதற்குக் காசு சேர்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

வரும் வழியில் ஹபரணை தாண்டி யானை ஒன்று றோட்டோரம் நின்றது. பஸ் நின்றது. யானைக்கு அவசரம் இல்லை. ஜன்னலால் ஒருவர் வாழைப்பழம் நீட்டப் பார்க்க, டிரைவர் திரும்பிச் சத்தம் போட்டார், அந்த அதட்டலுக்கு யானையே இரண்டடி பின்னால் போனது. கந்தளாயில் மச்சான் எருமைத் தயிர் வாங்கினான், சட்டி 500 ரூபாய். மடியில் வைத்துக்கொண்டு பாலையூற்று மட்டும் ஆடாமல் இருந்தான்.

ஓகஸ்ட் 8, வியாழன் – யாழ்ப்பாண பஸ்

விடிய பஸ். மாமி இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தா, தயிரில் பாதியைப் போத்தலில் விட்டு. மாமா கேற்றடியில் நின்று, அடுத்த முறை பொம்பரிப்பு என்றார். அது வில்பத்துக்குள், ஜீப் பிடிக்கவேண்டும் என்றேன். முழங்கால் வற்றினால் ஜீப்பும் ஏறுவேன் என்றார்.

பக்கத்து இருக்கையில் வெருகல் பக்கத்துக்காரர் ஒருவர், வவுனியாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார். பையில் மூன்று முருங்கைக்கட்டு, ஒரு பெரிய கருவாட்டுப் பார்சல். கருவாட்டு மணத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்க, நான் இடியப்பம் நீட்ட, கதை தொடங்கியது. எங்கே போய்வருகிறீர்கள் என்றார். சொன்னேன். போனில் படத்தையும் காட்டினேன்.

"இதுவா? இது எங்கட வயல்லயும் கிடக்கே" என்றார்.

எத்தனை கல் என்றேன். நாலைந்து கிடந்தது, ஒன்றைத் தகப்பன் காலத்திலேயே வாய்க்காலுக்குப் போட்டாயிற்று, ஒன்றில் அவருடைய மனிசி உடுப்பு அடித்துத் தோய்க்கிறாவாம். மற்றதுகள் வரம்போடு கிடக்கிறதாம். உழும்போது ஓட்டுத் துண்டு கிளம்பும், பிள்ளைகள் எறிந்து விளையாடுவார்கள் என்றார். உள்ளே கறுப்பா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "பாக்கல்ல. எல்லாம் சேறுதானே."

ஹொரவப்பொத்தானையில் தேத்தண்ணிக்கு நின்றபோது மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அது வயல் எல்லைக் கல்லாக இருக்கும் என்றான். பிறகு, "உடுப்புத் தோய்க்கிற கல்லு எவ்வளவு பெரிசாம்?" என்றும் கேட்டான். பஸ்ஸுக்கு வந்து பெரியவரைக் கேட்டேன். அவர் முன் ஆசனத்து முதுகில் கையை வைத்து அகலம் காட்டி, பிறகு முழத்தால் நீளம் அளந்தார், இருக்கை போதாமல் நடைபாதைக்குள் கை வந்தது. தடிப்பு ஒரு சாணாம்.

வவுனியாவில் இறங்க முன்னம் நம்பரைத் தந்தார். இப்போது வராதீர்கள், வேளாண்மை நிற்கிறது, மிதிபடும். சிறுபோகம் வெட்டி முடிய வாருங்கள், வயல் காய்ந்திருக்கும், இறங்கிப் பார்க்கலாம் என்றார். புரட்டாதி முதற்கிழமைக்குள் வெட்டு முடியுமாம். தோய்க்கிற கல்லை மட்டும் கிளப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், மனிசி விடமாட்டா என்று படியில் நின்று திரும்பிச் சொன்னார். நடத்துநர் அவருடைய முருங்கைக்கட்டை எடுத்துக் கொடுக்க, பஸ் வெளிக்கிட்டது.